சிறிய லீவர்லெஸ் கண்ட்ரோலரை மதிப்பிடுவது எப்படி? சண்டை விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, டெக்கன் 8 போன்ற சண்டை விளையாட்டுகளைப் புதிதாக ஆடத் தொடங்கும் இளையோர் பலர், ஸ்டிக்கும் சாதாரண பேடும் வேண்டாம் என்று, திசைகளுக்கும் பொத்தான்களையே கொண்ட லீவர்லெஸ் கண்ட்ரோலரைத் தேடுகின்றனர். இடது கையின் மோதிர விரலில் இடது, நடுவிரலில் கீழ், ஆள்காட்டி விரலில் வலது, கட்டை விரலில் மேல் என்பதே இதன் அடிப்படை அமைப்பு. ஹிட் பாக்ஸ் நிறுவனம் பரவலாக்கிய இந்த அமைப்பையே பிற்காலத்தில் வந்த பெரும்பாலான கருவிகளும் பின்பற்றுகின்றன. இவற்றுள் மடிக்கணினிப் பைக்குள் அடங்கும் சிறிய வகையைப் பற்றியே இக்கட்டுரை பேசுகிறது. ஏ4 தாளை விடச் சிறியதாகவும் விரல் தடிமனுக்கு மெல்லியதாகவும் இருப்பவற்றை இங்கே சிறிய வகை என்று கொள்வோம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில் இருப்பவருக்கு, இக்கருவியைக் கையில் வாங்கிப் பார்த்து முடிவெடுக்கும் வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைகளில் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளைத் திருப்பி அனுப்புவதும் அலைச்சல் பிடித்த வேலை. ஆகவே மதிப்பீட்டைப் பொருள் வந்த பிறகு தொடங்காமல், வாங்குவதற்கு முன்பே பாதிக்கு மேல் முடித்துவிட வேண்டும். அதற்கு நான் பரிந்துரைக்கும் வரிசை எளியது: பின்னால் மாற்றவே முடியாதவற்றை முதலில் பாருங்கள்; மாற்றக்கூடியவற்றைக் கடைசியில் பாருங்கள். பொத்தான்களின் இடைவெளி, உடலின் அளவு, எந்த இயந்திரத்தில் வேலை செய்யும் என்பது ஆகிய மூன்றும் முதல் வகை. சுவிட்ச், பொத்தான் மூடி, மேல்தகட்டுப் படம், வண்ண விளக்கு எல்லாம் இரண்டாம் வகை. விற்பனைப் பக்கங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன.

முதல் படி: எந்த இயந்திரத்தில் ஆடப் போகிறீர்கள்?

இதைத் தீர்மானிக்காமல் வேறு எதையும் பார்க்க வேண்டாம். கணினியில் மட்டும் ஆடுபவருக்குக் கவலை குறைவு; ஏறத்தாழ எல்லாக் கருவிகளும் எக்ஸ்இன்புட் என்னும் விண்டோஸ் கண்ட்ரோலர் முறையில் கணினியோடு பேசும், ஸ்டீம் என்ற விற்பனைத் தளத்தில் உள்ள விளையாட்டுகளும் அதை உடனே ஏற்கும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்தான் நின்று யோசிக்க வேண்டும். சோனி தன் இயந்திரத்தோடு இணையும் கண்ட்ரோலரிடம் அனுமதிச் சான்று கேட்கிறது. உரிமம் பெற்ற கருவிகளில் அந்தச் சான்று உள்ளேயே இருக்கும். 2023-இல் வந்த ரேசர் கிட்சுனே அத்தகையது. வெளிவந்தபோது அதன் அமெரிக்க விலை 299.99 டாலராக இருந்தது என்பதே, இந்த வசதிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டும்.

மலிவான சிறிய கருவிகளில் மிகப் பல, ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் ஆர்பி2040 சில்லின் மேல், ஜிபி2040-சிஇ என்னும் திறந்த மூல ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளை) கொண்டு இயங்குபவை. ஹௌட்42 என்ற பெயரில் விற்கப்படும் பலகைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை தரத்தில் குறைந்தவை அல்ல. ஆனால் சான்று இல்லாமல் பிளேஸ்டேஷன் 4 முறையில் செருகினால், ஏறத்தாழ 8 நிமிடம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு இணைப்பு அறுந்துவிடும். விற்பவர் காட்டும் சோதனைக் காணொளி 2 நிமிடம்தான் ஓடும் என்பதால், அதில் இக்குறை தெரியவே தெரியாது. புரூக் விங்மேன் எஃப்ஜிசி போன்ற ஓர் இடைக்கருவியைத் தனியாக வாங்கிச் செருகினால் சிக்கல் தீரும். அந்த விலையையும் சேர்த்துத்தான் கருவியின் விலையாகக் கணக்கிட வேண்டும்.

விற்பவருக்கு அனுப்பும் கேள்வியிலும் கவனம் தேவை. "அண்ணே, இது பிஎஸ்5-இல் ஓடுமா?" என்று கேட்டால் "ஓடும்" என்றுதான் பதில் வரும். "பிஎஸ்5-க்கான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல், இடைக்கருவி இல்லாமல், அரை மணி நேரம் துண்டிக்காமல் ஓடுமா?" என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும்; பின்னால் பொருளைத் திருப்ப நேர்ந்தால் அந்த உரையாடலே உங்களுக்குச் சான்று. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைத் தங்கள் இயந்திரத்தின் பெயரோடு கேட்க வேண்டும், ஏனெனில் அங்கும் சான்று முறை உண்டு.

விலையைக் கணக்கிடும்போது இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து இணையவழி வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

இரண்டாம் படி: ஐம்பது காசு நாணயங்களைக் கொண்டு கையளவைச் சோதியுங்கள்

பொருள் கைக்கு வருவதற்கு முன்பே அதன் மேல் கை வைத்துப் பார்க்க ஒரு வழி உண்டு. செலவு ஒரு தாள், ஓர் அட்டை, கொஞ்சம் சில்லறை.

விற்பனைப் பக்கத்தில், நேர் மேலிருந்து எடுக்கப்பட்ட படத்தையும் கருவியின் அகல அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக எடுத்த படம் உதவாது. படத்தில் கருவியின் அகலம் உண்மையான அகலத்துக்குச் சமமாக வரும்படி அளவைச் சரிசெய்து, போட்டோஸ்டேட் கடையில் அச்சிடச் சொல்லுங்கள். அச்சுப்பொறி தானாகவே தாளுக்கேற்ப சுருக்கிவிடும் வழக்கம் உண்டு என்பதால், அச்சான தாளை அங்கேயே அடிக்கோலால் அளந்து பாருங்கள். பிறகு தாளை அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு பொத்தானின் வட்டத்தின் மேலும் ஓர் ஐம்பது காசு நாணயத்தை ஒட்டுங்கள். 2012-இல் புழக்கத்துக்கு வந்த மலேசிய ஐம்பது காசின் விட்டம் 22.65 மி.மீ.; இத்தகைய கருவிகளில் வழக்கமான சிறு பொத்தான் 24 மி.மீ. வேறுபாடு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கட்டை விரலுக்கான மேல் பொத்தான் பெரும்பாலும் 30 மி.மீ. இருக்கும், அதற்கு மினரல் வாட்டர் பாட்டிலின் மூடி ஏறக்குறைய பொருந்தும். மூடியின் உயரம் இடைஞ்சலாக இருந்தால், அதே அளவில் அட்டையை வெட்டி இரண்டு மூன்று அடுக்காக ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது இந்த அட்டையை மேசையில் வைத்து, ஓர் ஆட்டக் காணொளியை ஓடவிட்டு, நீங்களே ஆடுவதுபோல் பத்து நிமிடம் விரல்களை இயக்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது மணிக்கட்டு. சிறிய கருவிகளில் இடது கைக்கும் வலது கைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், முழங்கைகள் விலாவோடு ஒட்டியும் மணிக்கட்டுகள் வெளிப்புறமாக வளைந்தும் நிற்கும். முன்கைக்கும் நடுவிரலுக்கும் இடையே நேர்கோடு போட முடியாத அளவுக்கு வளைவு இருந்தால், தோள் அகன்றவர்கள் அந்த மாதிரியைத் தவிர்ப்பது நல்லது. அரை மணி நேர ஆட்டத்தில் தெரியாத வலி மூன்று மணி நேர ஆட்டத்தில் தெரியும். அடுத்து, மூன்று திசைப் பொத்தான்களின் மேல் மூன்று விரல்களும் இயல்பாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். நடுவிரல் மற்ற இரண்டையும் விட நீளமானது. கீழ்ப் பொத்தான் இடது பொத்தானுக்கு நேர் வரிசையிலேயே இருந்தால் நடுவிரலை மடக்க வேண்டி வரும். கடைசியாக, உள்ளங்கையைத் தூக்காமல் கட்டை விரல் மேல் பொத்தானை எட்ட வேண்டும். வலது கட்டை விரலாலும் அதே பொத்தானைத் தொட முடிந்தால் இன்னும் நல்லது.

டெக்கன் ஆடுபவர்கள் இதில் ஒரு படி கூடுதலாக நிற்க வேண்டும். அந்த விளையாட்டில் பக்கவாட்டில் விலகுவதற்கு மேல் பொத்தானையும் கீழ்ப் பொத்தானையும் மாறி மாறித் தட்ட வேண்டியிருப்பதால், கீழ்ப் பொத்தானுக்கு மேலேயே இன்னொரு மேல் பொத்தான் உள்ள 16 பொத்தான் மாதிரிகளைச் சிலர் விரும்புகின்றனர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் மட்டும் ஆடுபவருக்கு அந்தக் கூடுதல் பொத்தான்கள் கட்டாயமில்லை. பழகும்வரை விரல் தவறிப் பட்டுத் தொல்லைதான் கொடுக்கும்.

உட்காரும் இடத்தையும் மறந்துவிடக் கூடாது. தோட்ட வீடுகளில் பலரும் பாயில் சம்மணமிட்டு, அல்லது நாற்காலியில் அமர்ந்து மடியில் வைத்துத்தான் ஆடுகின்றனர். பெரிய கருவி இரண்டு தொடைகளின் மேலும் படியும். ஏ5 தாள் அளவுள்ளது இடையில் சரிந்துவிடும். மேசை இல்லாதவர் ஒரு தட்டையான பலகையைக் கீழே வைத்துக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும், அல்லது சற்று அகலமான மாதிரியையே வாங்க வேண்டும். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைப்பவர்களும் உண்டு. வழுக்கும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாம் படி: விசைப்பலகையில் கொஞ்சம் பழகிப் பாருங்கள்

லீவர்லெஸ் முறையே உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் செலவில்லாமல் அறியக் கணினி விசைப்பலகை போதும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு இலவச முன்னோட்டப் பதிப்பு உண்டு. இடது கையில் மூன்று விசைகள், இடைவெளி விசையில் மேல் என்று அமைத்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். மலிவான விசைப்பலகைகள் சில விசைகளை ஒருசேர அழுத்தும்போது ஒன்றை விட்டுவிடும். அதனால் கட்டளை தவறினால் உங்கள் விரலை உடனே குறை சொல்ல வேண்டாம். நல்ல லீவர்லெஸ் பலகையில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி இணைப்பு இருப்பதால் இந்தக் குறை அங்கே வராது.

நான்காம் படி: எதிர்த் திசைகள் மோதும்போது என்ன நடக்கிறது?

ஸ்டிக்கை ஒரே நேரத்தில் இடதுக்கும் வலதுக்கும் தள்ள முடியாது. பொத்தான்களில் அது முடியும். இரண்டும் சேர்ந்து அழுத்தப்பட்டால் கருவி எதை அனுப்ப வேண்டும் என்பதற்கான விதியைத்தான் எஸ்ஓசிடி என்கிறார்கள். இரண்டையும் நீக்கி நடுநிலையாக்கலாம். கடைசியாக அழுத்தியதற்கு முன்னுரிமை தரலாம். முதலில் அழுத்தியதற்குத் தரலாம். மேலும் கீழும் மோதினால் மேலுக்கு முன்னுரிமை தருவதும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டரை உருவாக்கும் காப்காம் நிறுவனம் தன் ப்ரோ டூர் போட்டிகளுக்கு 2023-இல் இறுக்கிய விதிகளின்படி, கடைசி அழுத்தத்துக்கு முன்னுரிமை தரும் முறைக்கு இடமில்லை. அதற்கு முன்பே, 2019-இல், புகழ்பெற்ற ஆட்டக்காரரான உமேஹாரா டைகோவின் லீவர்லெஸ் கருவியே ப்ரோ டூர் போட்டி ஒன்றில் விதிக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ நடக்கும் சிறு போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தாலும், விதியை மாற்றிக்கொள்ள முடிகிற கருவியையே வாங்குங்கள். ஜிபி2040-சிஇ உள்ள கருவிகளில் இது உண்டு: ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியபடி கேபிளைக் கணினியில் செருகி, உலாவியில் 192.168.7.1 என்று தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும்.

இந்த விதி ஆட்டத்தில் எப்படிக் கைகொடுக்கிறது என்பதை ஓர் அசைவில் காணலாம். உங்கள் பாத்திரம் வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. ஷோர்யூக்கென் என்னும் எகிறிக் குத்தும் அடியைப் போட வேண்டும். அதற்கு வலது, கீழ், கீழ்-வலது என்ற வரிசை தேவை. வலது பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். அதை விடாமல் கீழ்ப் பொத்தானையும் அழுத்திப் பிடியுங்கள். திரையில் கீழ்-வலது தெரியும். இரண்டையும் விடாமல் இடது பொத்தானை ஒரு தட்டுத் தட்டுங்கள். இடதும் வலதும் ஒன்றையொன்று நீக்க, கீழ் மட்டும் மிஞ்சும். இடது விரல் எழுந்த கணத்தில் மீண்டும் கீழ்-வலது. அப்போது குத்துப் பொத்தான். இரு விரல்கள் அசையாமல் நிற்க, ஒரு விரலின் ஒரே தட்டில் அசைவு முடிந்துவிடுகிறது. இதே அசைவு, வாங்கிய கருவியைச் சோதிக்கவும் உதவும். இடதைத் தட்டும்போது பயிற்சிப் பகுதியில் நீங்கள் அழுத்தியவற்றை வரிசையாகக் காட்டும் கட்டளைப் பட்டியலில் கீழ் என்பதற்குப் பதிலாகக் கீழ்-இடது தோன்றினால், உங்கள் கருவி கடைசி அழுத்தத்துக்கு முன்னுரிமை தரும் முறையில் இருக்கிறது, அதை மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: சுவிட்சும் வேகமும்

சிறிய கருவிகளில் பெரும்பாலும் கைல் சோக் போன்ற குட்டை சுவிட்சுகள் இருக்கும். சாதாரண செர்ரி எம்எக்ஸ் சிவப்பு 4 மி.மீ. இறங்கி 2 மி.மீ. ஆழத்தில் பதிவு செய்யும். சோக் முதல் வகை ஏறத்தாழ 3 மி.மீ. இறங்கி 1.5 மி.மீ. ஆழத்தில் பதிவு செய்யும். அழுத்த விசை 35 கிராம் என்றால் விரலை வைத்தாலே பதியும். புதியவருக்கு 50 கிராம் பக்கம் இருப்பது நல்லது என்பது என் கருத்து. லயத்து வீட்டிலோ சுவரைப் பகிரும் தாமான் வீட்டிலோ இரவில் ஆடுபவர் ஓசை குறைந்த சுவிட்சைத் தேடலாம். இவை எல்லாம் பின்னால் மாற்றக்கூடியவை. ஆனால் அதற்கு, சுவிட்சைப் பற்றவைக்காமல் பிடுங்கிச் செருகும் சாக்கெட் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாமத நேரத்தைப் பற்றிய விளம்பரங்களுக்கு மயங்க வேண்டாம். சண்டை விளையாட்டு வினாடிக்கு 60 சட்டகம் (ஃபிரேம்) ஓடுகிறது. ஒரு சட்டகம் 16.67 மில்லி வினாடி. 1000 ஹெர்ட்ஸ் வேகத்தில், அதாவது வினாடிக்கு 1000 முறை, பேசும் பலகைகளுக்கு இடையே உள்ள ஒரு மில்லி வினாடி வேறுபாட்டை விட, வரவேற்பறைத் தொலைக்காட்சியில் கேம் மோடை இயக்காமல் விடுவது பல மடங்கு கூடுதல் தாமதத்தைத் தரும்.

ஆறாம் படி: பொட்டலம் வந்த அன்றே செய்ய வேண்டியவை

பொட்டலத்தைப் பிரிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். கருவி உயிர் பெறவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் சில மின்னூட்டத்துக்கு மட்டுமே உரியவை, தரவை அனுப்பா. மலிவான பலகைகள் சில, இருபுறமும் சி வகை முனையுள்ள கேபிளில் மின்சாரமே பெறாது. ஒரு முனை பழைய ஏ வகையாக உள்ள கேபிளில் ஒழுங்காக வேலை செய்யும்.

பிறகு விளையாட்டின் பயிற்சிப் பகுதியைத் திறந்து, கட்டளைப் பட்டியலைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் நடுவில் சில முறை, ஓரத்தில் சில முறை, மெதுவாகவும் வேகமாகவும் அழுத்துங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு பதிவு வந்தால் சுவிட்சில் கோளாறு. ஓரத்தில் அழுத்தும்போது மட்டும் பதியவில்லை என்றால் மூடி சரியாக உட்காரவில்லை. ஒரு திசையை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஒவ்வொரு கட்டளைக்கும் அருகில் சட்டக எண்ணிக்கையைக் காட்டுவதால், இடையில் விட்டுவிட்டால் புதிய வரி தோன்றிக் காட்டிக்கொடுக்கும். அப்படிப் பிடித்திருக்கும்போதே கேபிளின் முனையை மெல்ல அசைத்தும் பாருங்கள். இத்தகைய கருவிகளில் அடிக்கடி அடி வாங்குவது அந்த யூஎஸ்பி துளைதான். உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு அது பழுதானால், நுண்ணிய பற்றவைப்பு தெரிந்த கைப்பேசிக் கடைக்காரரால் மாற்றித் தர முடியும்.

ஸ்டார்ட், ஹோம் போன்ற சிறு பொத்தான்கள் எங்கே உள்ளன என்பதையும் இப்போதே கவனியுங்கள். உடல் சிறிதானபோது இவை விரலுக்கு அருகில் வந்துவிடுகின்றன. ஆட்டத்தின் நடுவே தவறி நிறுத்திவிட்டால், பல போட்டிகளின் விதிப்படி அந்தச் சுற்றையே இழக்க நேரிடும். பூட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டு, உண்மையிலேயே பூட்டுகிறதா என்று அழுத்திப் பாருங்கள்.

அடிப்பகுதி ரப்பர் விரிப்பு முழு அகலத்துக்கும் இருக்கிறதா என்பதும் முக்கியம். எடை குறைந்த கருவி வேகமான ஆட்டத்தில் மேசையில் நகரும். பக்கங்கள் திறந்து, இரண்டு தகடுகளுக்கு இடையே பலகை தெரியும் மாதிரிகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் நம் ஊர் ஈரப்பதத்துக்கும், இரவில் மேசையில் ஊரும் எறும்புக்கும், மூடிய உடலே ஏற்றது. ஆடி முடித்ததும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு பையில் போட்டு வையுங்கள்.

ஏழாம் படி: வைத்துக்கொள்வதா, திருப்புவதா?

திருப்பித் தரும் காலக்கெடு எத்தனை நாள் என்று விற்பனைப் பக்கத்தில் பார்த்து, அதற்குள் ஒவ்வொரு நாளும் சிறிது நேரமாவது ஆடிவிடுங்கள். திசை குழம்புவது, தாவ நினைத்துக் குனிவது, கட்டை விரல் தயங்குவது எல்லாம் புதியவருக்கு இயல்பு. இவற்றுக்காகக் கருவியைத் திருப்ப வேண்டியதில்லை. மணிக்கட்டு அல்லது சுண்டு விரல் பக்கம் வலி, ஓய்வுக்குப் பிறகும் தொடரும் மரத்துப்போதல், ஒரே பொத்தானில் திரும்பத் திரும்பத் தவறுதல் ஆகியவை வேறு வகை. முன்னிரண்டில் எது வந்தாலும் ஆட்டத்தை நிறுத்துங்கள். இடைவெளி உங்கள் கைக்குப் பொருந்தவில்லை என்று கொள்ளலாம், எந்த சுவிட்சை மாற்றினாலும் அது சரியாகாது. மூன்றாவதற்கு மட்டும், அந்தப் பொத்தானின் சுவிட்சை இன்னொரு பொத்தானின் சுவிட்சோடு இடம் மாற்றிச் சோதியுங்கள். கோளாறும் சுவிட்சோடு இடம் மாறினால், புதிய சுவிட்ச் ஒன்று போதும். பழைய இடத்திலேயே நின்றால் பலகையில்தான் பழுது. காலக்கெடு முடியும் முன் காணொளி எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால், அமைப்புப் பக்கத்திலேயே இருக்கும் காப்புப் பிரதி வசதியைப் பயன்படுத்தி, இப்போதைய அமைப்புகளைக் கணினியில் சேமியுங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது உங்கள் மாதிரியின் பெயருக்கு நேராக உள்ள கோப்பை மட்டுமே பதிவிறக்குங்கள். வேறு மாதிரியின் கோப்பை ஏற்றினால் பொத்தான்கள் இடம் மாறிப் பதியும், சரியான கோப்பை மீண்டும் ஏற்றி, சேமித்த பிரதியைத் திரும்பக் கொண்டுவரும் வரை ஆட முடியாது.